நம்பு, பதினெட்டு புள்ளி பதினொன்று

கதையை நிறுத்துங்கள். உங்கள் தாத்தா யார், ரங்கூனிலிருந்து எந்தக் கப்பலில் வந்தார், அதெல்லாம் பிறகு. முதலில் படம். போனை என் கையில் தராதீர்கள், விரல் பட்டால் படம் ஓடிவிடுகிறது. நீங்களே பிடியுங்கள். கிட்டே. ஆட்டாமல்.

ம்.

துப்பாக்கி இப்போது எங்கே? லைசென்ஸ் உள்ள கடையில் ஒப்படைத்திருக்கிறீர்கள். சரி. பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் தண்ணீர்கூடக் கொடுத்திருக்க மாட்டேன், நேரே ஸ்டேஷனுக்குப் போன்தான். இப்போது தண்ணீர் உண்டு. அந்தச் சொம்பில் இருக்கிறது, எடுத்துக் குடியுங்கள். காபி கிடையாது. போட ஆள் இல்லை.

இது ஜப்பான் ராணுவத்துக் கைத்துப்பாக்கி. பெயர் நம்பு. உங்களை நம்பச் சொல்லவில்லை, அதை வடிவமைத்தவன் பெயர் அது. சிரிக்காதீர்கள். இந்தப் பெயரைக் கேட்டு எல்லோரும் ஒரு தடவை சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு நின்று பல வருஷம் ஆகிறது.

வலது பக்கத்தைக் காட்டுங்கள். பின்னால். அங்கே சின்னதாக ஒரு ஜப்பான் எழுத்து இருக்கிறதா? பக்கத்தில் இரண்டு எண், நடுவில் ஒரு புள்ளி. படியுங்கள். பதினேழு புள்ளி நாலு. அதுதான் பிறந்த தேதி. பதினேழு வருஷம், நாலு மாதம். வருஷம் என்றால் நம் வருஷம் இல்லை. அவர்கள் ராஜா பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணுகிற வருஷம். ஷோவா என்பார்கள். அந்த எழுத்து அதுதான்.

நம் வருஷத்தில் எவ்வளவு என்கிறீர்கள். சொல்ல மாட்டேன். எழுதியும் தர மாட்டேன். கடையிலிருந்து உங்களை அனுப்பியவன் ‘ஆர்மரர் ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டால் மறுபேச்சு இல்லை’ என்று சொல்லியிருப்பான். நான் கையெழுத்துப் போடுவதை விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள், நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்கள் படத்தில் இருப்பது அதே ரகம். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், விழாது.

முப்பத்தேழு வருஷம் போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக இருந்தேன். ரிப்பேர் பார்ப்பது, எண்ணெய் போடுவது, பிடிபட்டு வருகிற சாமான் அசலா, பட்டறையில் அடித்ததா என்று எழுதிக் கொடுப்பது. அதுதான் வேலை. என் முறை ஒன்றே ஒன்று. கொண்டுவந்தவன் பேச்சைக் கேட்கக் கூடாது. இரும்பைப் பார்க்க வேண்டும். மனுஷன் பொய் சொல்வான், இரும்பு சொல்லாது. ஒரு ஜமீன் வீட்டு ஆள் வந்தார், பட்டுத் துணியில் சுற்றிய ரிவால்வரோடு. விக்டோரியா ராணி கொடுத்தது என்றார். கிரீட முத்திரையைப் பார்த்தேன், தலைகீழாக இருந்தது. ‘ராணி தலைகீழா நின்னு குடுத்தாங்களா?’ என்றேன். எழுந்து போய்விட்டார். பளபளப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். முத்திரை எல்லாம் ஒரே ஆழத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும், கையால் அடித்த முத்திரை அப்படி விழாது. உடம்பில் ஓர் எண், உதிரியில் வேறு எண் என்றால் கலப்படம். கதை ரொம்ப அழகாக இருந்தால் முழுக்கவே பொய். இந்தக் கடைசி விதி நானே போட்டுக்கொண்டது. ரொம்பப் பெருமை அதில் எனக்கு.

எண்பத்தேழில் ரிட்டையர் ஆனேன். அடுத்த வருஷம் ஜூன் மாதம் ஒரு கமிட்டியிலிருந்து ஆள் வந்தான். எந்த ஊர்க் கமிட்டி என்று சொல்ல மாட்டேன். நீங்கள் இன்று வந்த வழியில் இருக்கிற ஊர்தான். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. ஐ.என்.ஏ.வில், நேதாஜி பட்டாளத்தில், சேர்ந்து செத்துப்போனவர்களுக்கு ஒரு தூண் வைக்கப்போகிறார்கள், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி திறப்பு, பேரெல்லாம் கல்லில் வெட்ட வேண்டும், ஒரு பேரில் தகராறு, ஒரு துப்பாக்கியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். எனக்கு அப்போது வீட்டில் இருக்க முடியவில்லை. போனேன்.

தாலுகா ஆபீஸில் ஓர் அறை. மேஜைமேல் ஒரு பீங்கான் ஜாடி. அதற்குப் பின்னால் ஓர் ஆள், அறுபத்தெட்டு வயசு இருக்கும், ஒல்லி, சட்டைப் பித்தானை மேலே வரைக்கும் போட்டிருந்தார். அடைக்கலம் என்று பேர்.

“மூக்கைப் பொத்திக்கங்க ஐயா” என்றார்.

மூடியைத் திறந்தார். நாப்பி. பர்மாக்காரர்கள் சாப்பிடுகிற மீன் விழுது. அறுபத்து நாலில் பர்மாவை விட்டு வந்தபோது அதில் விழுது இருந்தது, இருபத்து நாலு வருஷம் ஆகியும் அந்த நாற்றம் போகவில்லை. அதற்குள் எண்ணெய்த் துணியில் துப்பாக்கி.

“கஸ்டம்ஸ்ல ஒருத்தன் தொறந்தாங்க. தொறந்த வேகத்துல மூடிட்டு, ‘போய்த் தொலை’ன்னுட்டான். அவன் புண்ணியத்துல வந்துச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கமிட்டித் தலைவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கதை அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

கதை இதுதான். அவருக்கு ஒரு சிநேகிதர், சவரிமுத்து. ரங்கூனில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். நாற்பத்து நாலில் ஜப்பான்காரனோடு சேர்ந்து இம்பால் பக்கம் சண்டைக்குப் போனார்கள். தோற்றுத் திரும்பி வருகிற வழியில், ஜூலை மாதம், மழையில், ஆற்றங்கரையில் சவரிமுத்து காய்ச்சல் கண்டு செத்துப்போனார். சாவதற்கு முன்னால் இந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார். செத்துப்போன ஒரு ஜப்பான் ஆபீசரிடமிருந்து அவர் எடுத்து வைத்திருந்தது. “எம் பொண்ணுகிட்டக் குடு, அப்பன் ஓடலைன்னு சொல்லு.” இவ்வளவுதான் சொன்னாராம்.

ஏன் அப்படிச் சொன்னார் என்றால், ஓடிப்போனவர்கள் நிறைய. ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைக்காரன் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள். சவரிமுத்துவும் ஜூன் மாதமே ஓடிப்போனான் என்று, பர்மாவிலிருந்து வந்த இரண்டு பேர் கமிட்டியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நேரில் பார்த்தவர்கள் இல்லை, கேள்விப்பட்டவர்கள். ஆனாலும் இரண்டு பேர். இந்தப் பக்கம் அடைக்கலம் ஒரே ஆள். சவரிமுத்துவின் மகளுக்கு லூர்தம்மாள் என்று பேர், அந்த ஊரில் தையல் தைத்துக்கொண்டிருந்தது. அதன் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘ஓடிப்போனவன் மக.’ துணி தைக்கக் கொடுக்கப் போகிறவன்கூட அப்படித்தான் வழி கேட்பானாம்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. வெளியே எடுத்தால் ஜெயில் என்று பயந்து அடைக்கலம் அதை அந்தப் பெண்ணிடமும் காட்டாமல் வைத்திருந்தார். வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் அது இவருக்குச் சோறு போடும், இவர் அதன் அப்பனைப் பற்றிச் சொல்வார். இருபத்து நாலு வருஷமாக வாராவாரம். தூண் வருகிறது என்றதும், ஆனது ஆகட்டும் என்று ஜாடியைத் தூக்கிக்கொண்டு போலீசுக்கே போய்விட்டார். டி.எஸ்.பி. நல்ல மனுஷன். கேஸ் போடாமல் கமிட்டிக்கு அனுப்பினார்.

நான் கண்ணாடியைப் போட்டேன். பிரித்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன்.

உடம்பில் இருக்கிற எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை உதிரியில் எல்லாம் அடித்திருப்பான். எல்லாம் உடம்போடு ஒத்துப்போயின. தோட்டா போடுகிற கூட்டில்கூட அதே எண். கலப்படம் இல்லை. முத்திரை கையால் அடித்தது. அசல். வலது பக்கம், பின்னால், தேதி. பதினெட்டு புள்ளி பதினொன்று.

என்னிடம் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. ஷோவா ஆரம்பம் 1926 என்று போட்டிருந்தது. அவ்வளவுதான் போட்டிருந்தது, அதற்கு மேல் ஒரு வரி இல்லை. எழுதியவனைச் சொல்ல வேண்டும். இருபத்தாறோடு பதினெட்டைக் கூட்டினேன். நாற்பத்து நாலு. பதினொன்று, நவம்பர். 1944 நவம்பர்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஜூலையில் செத்தவன் நவம்பரில் செய்த துப்பாக்கியை எப்படிக் கொடுப்பான்?

அதைத்தான் நானும் கேட்டேன்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் இழுக்கிற குமிழ் ஒன்று இருக்கிறது பாருங்கள், உருண்டையாக. முதலில் செய்தவற்றில் அதைச் சுற்றி மூன்று வளையம் அழகாக வெட்டியிருப்பான். நாற்பத்து நாலு பாதிக்கு மேல் ஜப்பான்காரனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வளையம் வெட்ட நேரமில்லை, சும்மா கோடு கிழித்து அனுப்பினான். நவம்பர் என்றால் கோடுதான் இருக்க வேண்டும். அடைக்கலத்தின் துப்பாக்கியில் மூன்று வளையம் இருந்தது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். விரலால் தடவியும் பார்த்தேன். பழைய குமிழ் மிச்சம் கிடந்திருக்கும், எடுத்து மாட்டியிருப்பான் என்று எழுதிவிட்டேன். நடக்காத விஷயம் இல்லையே. நடந்திருக்கலாம்.

மறுநாள் கமிட்டி கூடியது. எழுதினதை நானே படித்தேன். வேறு யாராவது படித்தால் திக்கித் திணறுவார்கள், அதனால் நானே. “மேற்படி கைத்துப்பாக்கி அசலானது. 1944ஆம் வருடம் நவம்பர் மாதம் செய்யப்பட்டது. மேற்படி சவரிமுத்து 1944 ஜூலையில் இதை வைத்திருக்க வாய்ப்பே இல்லை.” வாய்ப்பே இல்லை என்கிற இடத்தில் நிறுத்திப் படித்தேன்.

தலைவர் சும்மா இருக்கவில்லை. “துப்பாக்கி பேரு நம்பு. ஆனா நம்பத்தான் முடியலை” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அந்தப் பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. நாற்பத்தாறு வயசுப் பெண். கழுத்தில் தையல் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தது. “அப்போ எங்கப்பா பேரு?” என்று கேட்டது.

“இல்லம்மா. பட்டியல்ல சேர்க்க முடியாது.”

அது அழவில்லை. அடைக்கலத்தைப் பார்த்தது. “இத்தனை வருஷமா எனக்குக் கதையா சொன்னீங்க சித்தப்பா?”

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நின்றிருக்க வேண்டும். ‘ஏய் ஆர்மரர், உன் கணக்கைப் போட்டுக் காட்டு’ என்று கத்தியிருக்க வேண்டும். ‘நான் பார்த்தேன், என் மடியில் செத்தான், நீயா பார்த்தாய்?’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்தால் இன்னொரு தடவை புத்தகத்தைப் பிரித்திருப்பேன், இன்னொரு தடவை குமிழைப் பார்த்திருப்பேன். முப்பத்தேழு வருஷ சர்வீஸில் எவனாவது எதிர்த்துப் பேசினால் மறுபடியும் பார்த்துத்தான் பதில் சொல்வேன். இந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். என் ஆத்திரம் அதுதான் தம்பி. இன்றைக்கும் அதுதான். நம்பிவிட்டான் அந்த ஆள்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றேன். பின்னாலேயே வந்தார். காலி ஜாடியைக் கக்கத்தில் வைத்திருந்தார். துப்பாக்கியைப் போலீஸ் வாங்கிக்கொண்டது, ஜாடியை விட்டுவிட்டது.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லுய்யா.”

“அப்போ எனக்குக் குடுத்தது யாருங்க?”

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மூன்று தடவை என் வீட்டுக்கு வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி. முதல் தடவை ஆகஸ்ட் கடைசியில், தூண் திறந்த பிறகு. “ஐயா, நான் வருஷத்தை மாத்திச் சொல்றேனோ? அடுத்த வருஷம் ஜூலையா இருக்குமோ?” என்றார். அடுத்த வருஷம் ஜூலையில் நீ எங்கேய்யா இருந்தாய் என்று கேட்டேன். “ரங்கூன்ல. மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டு.” அப்போது இம்பாலில் எப்படி இருப்பாய்? “அதாங்க. அப்போ அந்த ஒரு வருஷம் எங்க போச்சு?” என் பெண்சாதி அவருக்கு மோர் கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது தடவை தீபாவளிக்கு முன்னால். விரலை மடக்கி மாதங்களை எண்ணிக்கொண்டே வந்தார். “மழை பெஞ்சது நெசம் ஐயா. ஆறு ஓடுச்சு. சவரி கால்ல அட்டை கடிச்சிருந்துச்சு, நான்தான் புடுங்கிப் போட்டேன், ஏழு அட்டை. ஆனா மூஞ்சி தெரிய மாட்டேங்குது. முன்னாடி தெரியும். நீங்க சொன்னதுக்கு அப்புறம் அது வேற யாரோவாத் தெரியுது.” வேலை இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்றேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மூன்றாவது தடவை தை மாதம். கதவைத் தட்டினார். நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஜன்னல் வழியாக என் காலைப் பார்த்திருப்பார். “ஐயா தூங்குறாங்க போல, நான் அப்புறமா வர்றேம்மா” என்றார். வரவில்லை.

பங்குனியில் செத்துப்போனார். பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாராம். வியாதி ஒன்றும் பெரிதாக இல்லை, சாப்பிடவில்லை, அவ்வளவுதான். பக்கத்துப் படுக்கைக்காரனிடம் எல்லாம், ஆனி, ஆடி, ஆவணி என்று எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாராம். அந்தக் கமிட்டி ஆள் எங்கள் ஊருக்கு வேறு வேலையாக வந்தபோது சொன்னான். “அந்தப் பொண்ணு வந்துச்சா?” என்று கேட்டேன். “எதுக்கு வரும் சார்? தாலுகா ஆபீஸ்லேர்ந்து போனவதான், அப்புறம் அந்தாளுக்குக் கதவே தொறக்கலை” என்றான். ஞாயிற்றுக்கிழமைச் சோறும் அன்றோடு நின்றுவிட்டது.

இதில் என் தப்பு என்ன? எண்ணைத் தப்பாகப் படித்தேனா? இல்லை. பதினெட்டைப் பதினெட்டு என்றுதான் படித்தேன். கூட்டல் தப்பா? அதுவும் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், இருபத்தாறும் பதினெட்டும் நாற்பத்து நாலுதான்.

இருங்கள், போனை வையுங்கள். இன்னும் முடியவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் எனக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு முந்தின வருஷமே பண்ண வேண்டும் என்று என் மச்சான், பெண்சாதியின் அண்ணன், ஒற்றைக்காலில் நின்றார். அறுபது வந்துவிட்டது என்றார். ஐயரைக் கேட்டோம். “இப்ப நடக்கிறது அறுபது. முடியணும். முடிஞ்சு அறுபத்தொண்ணு பொறக்கிற அன்னைக்குத்தான்” என்றார். அதனால் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. மச்சானுக்கு அதில் வருத்தம். மனதிலேயே வைத்திருந்தார்.

மணையில் உட்கார்த்தியிருக்கிறார்கள். நானும் அவளும், மேலே மஞ்சள் துணி. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முதல் குடம் விழுகிறது, மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார்.

“மாப்பிள்ளை, ஐயர் என்ன வேணா சொல்லட்டும். போன வருஷமே உங்களுக்கு அறுபதுதான். பொறந்த அன்னைக்கே ஒண்ணு நடக்க ஆரம்பிச்சிருச்சுல்ல? இருபத்தொம்பதுல பொறந்தீங்க, அந்த இருபத்தொம்பதே ஒண்ணு. சும்மா கழிச்சுப் பார்த்தா ஒரு வருஷம் கொறையத்தான் செய்யும்!”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது குடம் விழுந்தது.

இருபத்தொன்பதே ஒன்று. அப்படியென்றால் இருபத்தாறே ஒன்று.

புரிகிறதா? ராஜா பட்டத்துக்கு வந்த வருஷமே ஷோவா ஒன்று. அவன் எண்ணுவது நடப்பு. நான் முடிந்ததை எண்ணிவிட்டேன். இருபத்தாறு ஒன்று என்றால் இருபத்தேழு இரண்டு, நாற்பத்து மூன்று பதினெட்டு. அந்தத் துப்பாக்கி 1943 நவம்பரில் செய்தது. வளையம் சரி. குமிழ் சரி. ஜூலை சரி. மழை, ஆறு, அட்டை எல்லாம் சரி. அந்த ஆள் சொன்னதில் ஒரு நாள்கூடத் தப்பில்லை.

மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். “தண்ணி சில்லுன்னு இருக்கு, சீக்கிரம் ஊத்துங்கப்பா” என்று யாரோ சொன்னார்கள். பெண்சாதி என் கையைப் பிடித்தாள். என்னங்க என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, அவளிடமும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. எதற்குச் சொல்வது.

ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் தம்பி. பெரிய பெரிய ஆட்களெல்லாம் சரித்திரத்தில் நூறு வருஷம் தப்பாக எழுதியிருக்கிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

தூண் என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். அங்கேயேதான் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், அந்தக் கார்த்திகையில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மூன்று பக்கம் பேர், ஒரு பக்கம் திறந்துவைத்தவர் பேர். மூன்றாவது பக்கத்தில் கடைசிப் பேருக்குக் கீழே இடம் இருக்கிறது. சாண் வைத்துப் பார்த்தேன். ஒரு பேர் தாராளமாக வெட்டலாம். ஒரு வரி. சவரிமுத்து என்றால் ஆறு எழுத்துத்தானே. கமிட்டியைத் தேடினேன், கலைத்துவிட்டார்களாம். தலைவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம், பம்பாயோ எங்கேயோ. கலைந்த கமிட்டிக்கு யார் எழுதுவது?

அந்தப் பெண் கடை தூணிலிருந்து நாலு கடை தள்ளி. மிஷின் சத்தம் கேட்டது. நின்றேன். ஒரு ஆள் வந்து என்னிடமே கேட்டான், “சார், ஓடிப்போனவன் மக கடை இதுங்களா?” என்று.

தெரியாது என்று சொன்னேன். திரும்பி வந்துவிட்டேன். கடைசி பஸ் போய்விடும் என்று பயம்.

வந்து கடிதம் எழுதினேன். எழுதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மேஜை டிராயரைத் திறங்கள். துப்பாக்கி எண்ணெய் டப்பாவுக்குக் கீழே. ஆமாம், அந்த இன்லேண்ட் லெட்டர்தான். ஒட்டியிருக்கிறது, பிரிக்காதீர்கள். எல்லாம் அதில் இருக்கிறது. துப்பாக்கி எந்த வருஷம், அவர் சொன்னது சரி, நான் எண்ணிய முறைதான் வேறு. மன்னிப்பு என்கிற வார்த்தை போடவில்லை. அது வேண்டாத வார்த்தை. விஷயம் தெரிந்தால் போதும்.

ஏன் தபாலில் போடவில்லை என்கிறீர்கள். போட வேண்டும் என்றுதான் வைத்தேன். அப்போது முழங்கால் வலி. பிறகு எங்கள் தெருத் தபால் பெட்டியை எடுத்துவிட்டார்கள். பிறகு அவளுக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். பிறகு பார்த்தால் நாள் ஆகிவிட்டது. நாள் ஆன கடிதம் போனால், ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்களே. அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

என்ன திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள்? விலையா? பைசாவில் அச்சடித்திருக்கிறதா? ஆமாம். அதை வைத்தே எந்தக் காலத்துக் கடிதம் என்று சொல்லிவிடலாம். பரவாயில்லை, கண் இருக்கிறது உங்களுக்கு. நான் ஒன்றும் சர்ட்டிபிகேட் தர வேண்டியதில்லை.

கார் இருக்கிறதா வாசலில்? தெரியும், சத்தம் கேட்டது. அந்த ஊர் வழியாகத்தான் திரும்புவீர்கள், அதுவும் தெரியும். நானும் உங்களோடு வரலாமே என்கிறீர்கள். இப்போதேவா? பதினோரு மணிக்கு எனக்கு மாத்திரை இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போடுகிற மாத்திரை. வெயில் வேறு. வழியில் எனக்கு ஏதாவது ஆனால் உங்களுக்குத்தான் தொந்தரவு. இன்றைக்கு என்ன கிழமை? ஞாயிறா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருக்கும். கடை இருக்காது.

கடிதத்தை மட்டும் நீங்கள் கொண்டுபோகிறீர்களா? வேண்டாம். நீங்கள் யார் என்று கேட்கும். என்ன சொல்வீர்கள்? உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்? கொடுங்கள் இப்படி. இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எண்ணெய் டப்பாவை மேலே வையுங்கள். இல்லையென்றால் டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

உங்கள் துப்பாக்கி பதினேழு புள்ளி நாலு. நீங்களே கணக்குப் போட்டு எழுதி, நீங்களே கையெழுத்துப் போடுங்கள். குமிழில் மூன்று வளையம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். அசல்தான். கடைக்காரனிடம் அப்படியே சொல்லுங்கள். எழுத்தில் கிடையாது.

இன்னும் என்ன? அந்தப் பெண் உயிரோடு இருக்கிறதா என்றா? எனக்கெப்படித் தெரியும். வயசு என்ன இருக்கும் என்கிறீர்கள். நாற்பத்திரண்டில் ரங்கூனில் பிறந்தது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடப்பா, முடிந்ததா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.